லைசென்ஸ் வேறு, வேலை வேறு

ஓட்டுநருக்கு மெடிக்கல் போர்டு தரும் தாளில் "கனரக வாகனம் ஓட்டத் தகுதியில்லை" என்று ஒரு வரி இருக்கும். இவர் பஸ் ஓட்டலாமா என்ற ஒரே கேள்விக்கு அது பதில். இவரைப் போக்குவரத்துக் கழகம் வேலையில் வைத்திருக்க வேண்டுமா என்பது இன்னொரு கேள்வி. அதை டாக்டர் தீர்மானிக்க முடியாது, சட்டம்தான் தீர்மானிக்கும். டிப்போ அலுவலகத்தில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுவார்கள், சில சமயம் தெரியாமல், சில சமயம் தெரிந்தே. எந்தத் தாள் உங்கள் கைக்கு வந்தாலும், எந்தத் தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டாலும், இது எந்தக் கேள்வியைப் பற்றியது என்று முதலில் பாருங்கள்.

முதலில் அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர்களைப் பற்றிப் பேசுவோம். மாநகர் போக்குவரத்துக் கழகம், விரைவுப் போக்குவரத்துக் கழகம், விழுப்புரம், சேலம், கோவை, கும்பகோணம், மதுரை, திருநெல்வேலிக் கழகங்கள் எல்லாமே அரசுக்குச் சொந்தமான கம்பெனிகள். அதனால் சட்டத்தின் கண்ணில் அவை அரசு நிறுவனங்கள். லாரி, ஆம்னி பஸ், ஸ்கூல் வேன், கால் டாக்ஸி ஓட்டுபவர்களுக்கு வழி வேறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

சட்டத்தில் இருப்பது

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ன் 20-வது பிரிவில் 4-வது உட்பிரிவை ஒரு நகல் எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அரைப்பக்கம்கூட வராது. பணியில் இருக்கும்போது உடற்குறை ஏற்பட்ட ஊழியரை எந்த அரசு நிறுவனமும் வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவியிறக்கமும் செய்யக் கூடாது. பழைய வேலைக்கு அவர் பொருந்தாமல் போனால், அதே ஊதிய விகிதத்திலும் அதே பணிப் பலன்களோடும் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அப்படி ஓர் இடம் காலியாக இல்லையென்றால், எண்ணிக்கைக்கு மேற்பட்ட ஒரு பணியிடத்தை உருவாக்கி, தகுந்த இடம் கிடைக்கும் வரை அல்லது ஓய்வு வயது வரை, எது முந்துகிறதோ அதுவரை, அவரை அதில் வைத்திருக்க வேண்டும். ஆகவே "வேகன்சி இல்லப்பா, என்ன செய்யட்டும்?" என்ற பேச்சுக்குச் சட்டமே பதில் எழுதி வைத்திருக்கிறது.

இது புதிதாக வந்த சலுகையும் இல்லை. 1995-ம் ஆண்டின் பழைய சட்டத்தில் 47-வது பிரிவாக இதே பாதுகாப்பு இருந்தது. அதற்கும் முன்பு, ராஜஸ்தான் அரசுப் போக்குவரத்துக் கழகம் பார்வை குறைந்த ஓட்டுநர்களை வீட்டுக்கு அனுப்பிய வழக்கில் சுப்ரீம் கோர்ட் மாற்று வேலை கொடுக்கச் சொன்னது. அப்போது இப்படி ஒரு சட்டமே இல்லை. வருடக்கணக்காக வண்டி ஓட்டியே ஒருவருக்குக் கண் கெட்டிருக்கலாம், அந்தச் சுமையை அவர் தலையில் மட்டும் ஏற்ற முடியாது என்ற பார்வை அந்தத் தீர்ப்பில் இருந்தது.

வக்கீலிடம் போனால் அவர் முதலில் சொல்லும் பெயர் குணால் சிங்காக இருக்கும். 2003-ல் வந்த தீர்ப்பு. பணியின்போது காயம்பட்டுக் காலை இழந்த ஒரு காவலரை மருத்துவக் காரணம் காட்டி ஓய்வில் அனுப்பி, ஊன ஓய்வூதியமும் கொடுத்துவிட்டார்கள். பென்ஷன் கொடுத்ததால் வேலைப் பாதுகாப்பு அற்றுப்போகாது என்றது நீதிமன்றம். "அதான் பென்ஷன் வருதே" என்று யாராவது சொன்னால் இந்த வழக்கைச் சொல்லுங்கள்.

நாற்பது சதவீதம் என்ற பூச்சாண்டி

"உங்க சர்டிபிகேட்ல 30 சதவீதம்தான் இருக்கு, 40 இருந்தாத்தான் சட்டம் பொருந்தும்." இந்தப் பேச்சைப் பல டிப்போக்களில் கேட்கலாம். 40 சதவீதம் என்பது வேலைவாய்ப்பு இடஒதுக்கீடு போன்ற சில பலன்களுக்கான அளவு. 20(4)-ல் அந்த அளவு எழுதப்படவில்லை. பணியின்போது உடற்குறை ஏற்பட்ட ஊழியர் என்றுதான் இருக்கிறது. அதற்காக மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்காமல் இருந்துவிடாதீர்கள். யு.டி.ஐ.டி. என்ற தனி அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனைப் பரிசோதனைக்குப் போய்வாருங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். சதவீதம் எதுவானாலும் அந்தத் தாள் பின்னால் உதவும்.

சட்டத்தின் பட்டியலில் 21 வகை உடற்குறைகள் உண்டு. கால் போனது, கண் போனது, கை செயலிழந்தது, காது கேளாமை எல்லாம் அதில் வந்துவிடும். பைபாஸ் ஆபரேஷன் ஆனவர், சர்க்கரை முற்றியவர், நிறக்குருடு என்று ஒதுக்கப்பட்டவர் விஷயம் சிக்கலானது. இந்தப் பெயர்கள் பட்டியலில் நேரடியாக இல்லை. அதை வைத்து "உங்களுக்கு எதுவும் கிடையாது" என்று எழுதிக் கொடுப்பார்கள்.

இதற்கு 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டிலிருந்து ஒரு பதில் வந்தது. தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழகம், நிறக்குருடு என்று சொல்லி ஓர் ஓட்டுநரை மருத்துவ ஓய்வில் அனுப்பிய வழக்கு அது. அந்தக் கழகம் ஆந்திரத்தோடு ஒன்றாக இருந்தபோது 1979-ல் தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில், நிறக்குருடான ஓட்டுநருக்கு மாற்று வேலை தர வேண்டும் என்ற ஷரத்து இருந்தது. அந்த ஒப்பந்தம் நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தும், மாற்று வேலையைத் தேடிப்பார்க்காமலேயே வெளியே அனுப்பியது தவறு என்றது நீதிமன்றம். அதே ஊதிய நிலையில் வேலை கொடுக்கவும், இடைப்பட்ட காலச் சம்பளத்தில் 25 சதவீதம் கொடுக்கவும் உத்தரவு போட்டது. மாற்று வேலை தேடும் கடமை நிர்வாகத்துடையது என்பதுதான் நமக்கு இதில் முக்கியம். தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு வழக்கு உண்டு. நிறக்குறைபாடு உள்ள ஒரு பொறியாளருக்கு வேலை தர மறுத்த மின்வாரியத்தை, 2023-ல் அதே நீதிமன்றம் அவருக்கு நியாயமான ஏற்பாடு செய்து கொடுத்து வேலையில் சேர்க்கச் சொன்னது.

எனவே உங்கள் கழகத்தின் ஊதிய ஒப்பந்தங்களை, முக்கியமாகப் பழைய தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவில் போட்ட ஒப்பந்தங்களை, சங்க அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். எல்லாரும் சம்பளப் பக்கத்தைப் புரட்டிவிட்டு மூடிவைப்பார்கள். மருத்துவத் தகுதி பற்றிய ஷரத்து பெரும்பாலும் பின்பக்கங்களில் கிடக்கும்.

நிறக்குருடு பற்றி இன்னும் கொஞ்சம்

புள்ளிப் புள்ளியாக இருக்கும் படங்களுக்குள் எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். அது இஷிஹாரா புத்தகம். சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் குறை இருக்கிறதா என்று சலித்துப் பார்க்கத்தான் அது ஏற்பட்டது. குறை லேசானதா கடுமையானதா என்று அளக்க வேறு சோதனைகள் இருக்கின்றன. அதனால் இந்தப் புத்தகத்தை மட்டும் வைத்து முடிவு எழுதியிருந்தால், எழும்பூர் அரசு கண் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையில் விரிவான மறுபரிசோதனை கேளுங்கள். 2020 ஜூனில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, லேசான, நடுத்தரமான நிறக்குறைபாடு உள்ளவர்களும் லைசென்ஸ் வாங்க வழி செய்தது. கழகம் தனக்கென்று கடுமையான தகுதி வைத்திருக்கலாம். ஆர்.டி.ஓ. புதுப்பித்துக் கொடுத்த லைசென்ஸை மட்டும் காட்டி கழக போர்டை ஜெயிக்க முடியாது. மறுபரிசோதனை கேட்பதற்கு அது நல்ல காரணமாக இருக்கும், அவ்வளவுதான்.

"இது பிறவியிலேயே இருந்தது, பணியில் வந்ததில்லை" என்பது நிர்வாகத்தின் வழக்கமான வாதம். சேரும்போது உங்களைப் பரிசோதித்துத் தகுதி என்று எழுதியவர்களும் அவர்களே. அந்தப் பழைய மருத்துவச் சான்று உங்கள் பணிப்பதிவேட்டில் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். தவிர, நிறம் காண்பது நடுவயதிலும் கெடலாம். கண் நீர் அழுத்தம், சர்க்கரையால் வரும் விழித்திரைக் கேடு, காசநோய்க்குத் தரும் எத்தாம்பூட்டால் மாத்திரை எல்லாம் காரணமாகலாம். முன்பு டி.பி. சிகிச்சை எடுத்திருந்தால் அந்தச் சீட்டுகளைத் தேடி எடுங்கள்.

கையெழுத்துக்கு முன்

ஓட்டுநர்கள் வேலையை அதிகம் இழப்பது மெடிக்கல் போர்டில் என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஊன்றுகோலோடு டிப்போவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், அன்பாகப் பேசி ஒரு தாளை நீட்டுவார்களே, அங்கேதான் இழக்கிறார்கள். "அண்ணே, இனிமே எதுக்கு அலைச்சல்? எழுதிக் குடுத்துட்டீங்கன்னா செட்டில்மெண்ட் சீக்கிரம் வந்துரும். பையனுக்கு வேலைக்கும் பேசிப் பாக்கலாம்." பேசுபவர் கெட்டவராகக்கூட இருக்க மாட்டார். ஆனால் பையனுக்கு வேலை என்பது வாய்ப்பேச்சு. உங்கள் வேலை சட்டத்தில் எழுதப்பட்டது.

பகவான் தாஸ் வழக்கை இங்கே நினைவில் வையுங்கள். பஞ்சாப் மின்வாரியத்தில் லைன்மேன் வேலையில் இருந்தவருக்குப் பணிக்காலத்தில் பார்வை போய்விட்டது. தன்னை ஓய்வில் விட்டுவிட்டு மனைவிக்கு வேலை கொடுங்கள் என்று அவரே எழுதிக் கொடுத்தார். வாரியம் ஓய்வை மட்டும் ஏற்றுக்கொண்டது. தன் உரிமை தெரியாத நிலையில் ஒருவர் எழுதியதை விருப்ப ஓய்வாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அவருக்கு உரிமையைச் சொல்வது வாரியத்தின் கடமை என்று 2008-ல் தீர்ப்பு வந்தது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கும் வழி அடைத்துவிடவில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனாலும் போடாமல் இருப்பவருக்குச் சண்டை பாதி மிச்சம். நீட்டிய தாளை வாங்கிக்கொண்டு, "வீட்ல கலந்துட்டு வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

இன்னொரு பொறி வருகைப் பதிவேடு. சிகிச்சையில் இருக்கும் நாட்களை ஆப்சென்ட் போட்டு, பிறகு நீண்டகாலமாகப் பணிக்கு வரவில்லை என்று குற்றச்சாட்டு மெமோ கொடுப்பார்கள். அப்புறம் பிரச்சினை உங்கள் உடம்பைப் பற்றி இருக்காது, ஒழுங்கு நடவடிக்கையாக மாறிவிடும். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும் விடுப்பு விண்ணப்பமும் மருத்துவச் சான்றும் ஒப்புகையோடு தபாலில் போயாக வேண்டும். மனைவியோ மகனோ அனுப்பினாலும் சரி. வாட்ஸ்அப்பில் கிளை மேலாளருக்குப் படம் அனுப்பியது மட்டும் போதாது.

மாற்றுப் பணி கேட்டு எழுதுவது

போர்டு முடிவு வந்த உடனே, நிர்வாகம் எதுவும் செய்வதற்கு முன்பே, நீங்கள் எழுதிவிட வேண்டும். பெறுநர் இடத்தில் பொது மேலாளர் பதவியைப் போட்டு, நகல் கிளை மேலாளருக்கும் கழகத்தின் குறைதீர் அலுவலருக்கும் என்று குறிப்பிடுங்கள். சட்டத்தின் 23-வது பிரிவுப்படி ஒவ்வொரு அரசு நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்திருக்க வேண்டும். கடிதத்தின் உடல் இவ்வளவு போதும்:

"நான் மேற்கண்ட கிளையில் ஓட்டுநராகப் பணிபுரிகிறேன். பணிக்காலத்தில் எனக்கு ஏற்பட்ட உடற்குறை காரணமாக, மருத்துவக் குழு என்னைக் கனரக வாகனம் ஓட்டத் தகுதியற்றவர் எனத் தெரிவித்துள்ளது. நான் தொடர்ந்து பணியாற்ற விரும்புகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 20(4)-ன்படி, என் தற்போதைய ஊதிய விகிதம், பணி மூப்பு, பணிப் பலன்கள் குறையாமல் எனக்கு மாற்றுப் பணி வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தகுந்த பணியிடம் காலியில்லையெனில் அச்சட்டப்படி எண்ணிக்கைக்கு மேற்பட்ட பணியிடத்தில் அமர்த்தும்படியும், உத்தரவு வரும் வரை என் ஊதியத்தை நிறுத்தாமல் வழங்கும்படியும் வேண்டுகிறேன். மருத்துவ ஓய்வோ விருப்ப ஓய்வோ நான் கோரவில்லை."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள்.

இதோடு, உங்களால் செய்யக்கூடிய வேலைகளையும் எழுதுங்கள். நேரக்காப்பாளர், டீசல் பங்க், ஸ்டோர், அலுவலக உதவியாளர், பாஸ் கொடுக்கும் கவுண்டர், காவல் பணி என்று டிப்போவுக்குள் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கே நன்றாகத் தெரியும். முடியாததையும் சேர்த்து எழுதுங்கள். கால் ஒடிந்தவரைக் கண்டக்டராகப் போட்டு, "மாற்றுப் பணி கொடுத்தோம், அவர்தான் செய்யவில்லை" என்று கோப்பை மூடுவது நடக்கும். ஓடும் பஸ்ஸில் நாள் முழுக்க நிற்கும் வேலை அது. தரைத்தளத்தில் இடம், உட்கார நாற்காலி, இரவு ஷிப்ட் இல்லாத வேலை, வீட்டுக்குப் பக்கத்து டிப்போ இவையும் சட்டம் சொல்லும் நியாயமான ஏற்பாட்டில் அடங்கும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

பணத்தில் ஒரு நஷ்டம் வரும், அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. சட்டம் காப்பது ஊதிய விகிதத்தையும் பணிப் பலன்களையும். வண்டி ஓடினால் வரும் பேட்டா, கலெக்‌ஷன் இன்சென்டிவ், ஓ.டி. தானாக அதில் சேராது. வீட்டுக் கடன் தவணையை அந்தப் பணத்தை நம்பிப் போட்டிருந்தால், இப்போதே வங்கியில் போய்ப் பேசுங்கள்.

மறுபடி ஸ்டியரிங் பிடிப்பது

எல்லாருக்கும் மாற்றுப் பணி நிரந்தரமாகத் தேவைப்படாது. தோள்பட்டை எலும்பு முறிவு, டிஸ்க் ஆபரேஷன், கண்புரை போன்றவை குணமானதும் திரும்ப ஓட்டலாம். அப்படியானால் லைட் டூட்டி உத்தரவில் "தற்காலிகமாக" என்ற சொல்லும் மறுபரிசோதனைத் தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதிக் கேட்டு வாங்குங்கள். தேதியில்லாத உத்தரவு சிலரை ஆண்டுக்கணக்கில் நடுவில் தொங்கவிடும்.

திரும்பும்போது சிகிச்சை செய்த டாக்டரிடம் வெறும் "ஃபிட்" என்று எழுதி வாங்காதீர்கள். கிளட்ச், பிரேக் மிதிக்கும் வலு, கழுத்தைத் திருப்பும் அளவு, பார்வை அளவு, சாப்பிடும் மாத்திரையால் தூக்கம் வருமா என்று ஓட்டுநர் வேலைக்குரிய விவரங்களோடு எழுதித் தரச் சொல்லுங்கள். வர்த்தக வாகன லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியது, அதற்கு 1-ஏ படிவத்தில் மருத்துவச் சான்று வேண்டும். படுக்கையில் இருக்கும்போது அது காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். இன்னொன்று, வலிப்பு வந்ததையோ மயங்கி விழுந்ததையோ மறைத்துவிட்டு வண்டி எடுக்காதீர்கள். நான் நிர்வாகத்தின் பக்கம் பேசுவது இந்த ஓர் இடத்தில்தான். ஐம்பது பேர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பதில் வராவிட்டால்

மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனு கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. ஆணையருக்கு ஆளை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை செய்தால் நிர்வாகம் மூன்று மாதத்துக்குள் என்ன செய்தது என்று சொல்ல வேண்டும், ஏற்கவில்லையென்றால் காரணம் சொல்ல வேண்டும். பரிந்துரை என்பதால் இழுத்தடிக்க இடமிருக்கிறது, அதை மறைப்பதில் பயனில்லை. வேலைநீக்க உத்தரவே கைக்கு வந்துவிட்டால் சென்னை உயர்நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ரிட் மனுதான் நேர்வழி. போக்குவரத்துக் கழக ஓட்டுநர்களின் இத்தகைய வழக்குகள் அங்கே புதிதல்ல.

தனியாரிடம் ஓட்டுபவர்கள்

இங்கே சட்டம் மெலிந்துபோகிறது. 20(4) தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தாது. தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும், 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் அது விரிவாக இருக்க வேண்டும் என்பது 21-வது பிரிவும் அதன் விதிகளும் சொல்வது. பெரிய லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில் இருப்பவர் அதைக் கேட்டு, அதை வைத்து டிஸ்பாட்ச், வண்டி கண்காணிப்பு போன்ற வேலை கேட்கலாம். இரண்டு லாரி வைத்திருக்கும் ஓனரிடம் அது நடக்காது. அங்கே வேலைக்காகப் போராடுவதைவிட உரிய பணத்தை முழுசாக வாங்குவதில் கவனம் வையுங்கள்.

இ.எஸ்.ஐ. இருந்தால் (மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை) பணிக்கால விபத்துக்குச் சம்பளத்தில் ஏறத்தாழ 90 சதவீதம், குணமாகும் வரை. நிரந்தரக் குறை என்றால் இ.எஸ்.ஐ. மருத்துவக் குழு கணக்கிடும் சம்பாதிக்கும் திறன் இழப்புக்கு ஏற்ப மாதாமாதம் தொகை.

இ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு ஈட்டுத்தொகை. இது 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்தது, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. கணக்கு பழையதுதான். முழு இழப்பு என்றால் மாதச் சம்பளத்தின் 60 சதவீதத்தை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. மாதம் 15,000 ரூபாய் சம்பளமானால் 9,000-ஐ அதால் பெருக்க, 16,57,530 ரூபாய்.

சண்டை வருவது "முழு இழப்பு" என்பதில். டாக்டர் 45 சதவீதம் என்று எழுதுவார், இன்சூரன்ஸ்காரர் அதையே பிடித்துக்கொள்வார். அது உடம்பின் சதவீதம், சம்பாத்தியத்தின் சதவீதம் வேறு. இடது கையை இழந்த தச்சர் இனித் தச்சு வேலை செய்யவே முடியாது, ஆகவே அவருக்கு நூறு சதவீத இழப்பு என்று சுப்ரீம் கோர்ட் அரை நூற்றாண்டுக்கு முன்பே சொல்லிவிட்டது. 2010-ல் ராஜ்குமார் வழக்கில் ஓட்டுநரையே உதாரணம் காட்டியது: ஒரு கை போனால் அரசு குமாஸ்தாவுக்கு வேலை போகாமல் இருக்கலாம், ஓட்டுநருக்குப் பிழைப்பே போய்விடும். சான்று எழுதும் டாக்டரிடம், "இவர் இனிக் கனரக வாகனம் ஓட்ட இயலாது" என்ற வரியைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

ஓனரைப் பகைத்துக்கொள்ள வேண்டுமே என்று பலர் தயங்குவார்கள். பெரும்பாலும் வண்டி பாலிசியில் ஓட்டுநருக்கும் பிரீமியம் கட்டியிருப்பார்கள், பணம் கொடுப்பது இன்சூரன்ஸ் கம்பெனி. பாலிசி நகலைப் பாருங்கள். விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு போட வேண்டும். நீங்கள் அங்கேதான் வேலை பார்த்தீர்கள் என்பதற்கு டிரிப் ஷீட், டீசல் பில்லில் உங்கள் கையெழுத்து, சம்பளம் வந்த ஜிபே பதிவு, முதல் தகவல் அறிக்கை எல்லாம் சாட்சி.

கிராஜுவிட்டிக்குப் பொதுவாக ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். விபத்தாலோ நோயாலோ முன்பு செய்த வேலையைச் செய்ய முடியாமல் வேலை போனால் அந்த ஐந்து ஆண்டு நிபந்தனை கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. பி.எஃப். கட்டியவர், எந்த வேலையும் செய்ய முடியாதபடி நிரந்தரமாக முடங்கினால் ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும் ஊன ஓய்வூதியம் கேட்கலாம்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம். லைசென்ஸ், போர்டு தாள், டிஸ்சார்ஜ் சம்மரி, அனுப்பிய கடிதங்களின் ஒப்புகை எல்லாவற்றிலும் இரண்டு நகல் கொண்டுபோங்கள். ஒரிஜினலை எந்த மேஜையிலும் விட்டு வராதீர்கள்.